கார் ஷெட்டுக்கு ரிமோட் ஷட்டர் போடலாமா? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்

கொழிஞ்சாம்பாறை அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். கீழே கார் நிறுத்தும் இடம், அதற்கு நேர் மேலே படுக்கை அறை. முன்பக்கம் 10 அடி அகலத்துக்கு ரோலிங் ஷட்டர் போட்டு மோட்டாரும் ரிமோட்டும் வைத்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். மாமியாருக்கு முழங்கால் வலி, குனிந்து ஷட்டரை இழுக்க முடியாது, அதனால் எனக்கும் சரி என்றுதான் பட்டது. ஆனால் பிள்ளைகளுக்கு 4 வயதும் 7 வயதும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் நாள் முழுக்க இங்கேதான். ஷட்டர் இறங்கும்போது அடியில் புகுந்து ஓடுவதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிடுவார்கள். இரண்டு பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். ஒருவர் சென்சார், பிரேக் எல்லாம் சேர்த்து விலை சொல்கிறார். இன்னொருவர் அதெல்லாம் வீண் செலவு, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் போதும் என்கிறார். எது சரி? காம்பவுண்டுக்கு ஸ்லைடிங் கேட்டும் போடுகிறோம், அதிலும் கவனிக்க வேண்டியது இருந்தால் சொல்லுங்கள்.

வேலந்தாவளம் பட்டறை எழுதியது:

அக்கா, நான் ஷட்டர் வேலைதான் செய்கிறேன். சென்சார் வேண்டாம் என்று சொன்னவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது நமக்குச் சொல்லும் புத்தி, மோட்டாருக்கு அது தெரியாது. அடியில் என்ன இருந்தாலும் அது தரை வரை அழுத்திக்கொண்டேதான் போகும்.

கேட்டு வாங்க வேண்டியவை. ஒன்று, கண் சென்சார். இரண்டு பக்கத் தூணிலும் எதிரெதிராக வரும், நடுவில் ஏதாவது மறைத்தால் ஷட்டர் நிற்கும் அல்லது திரும்பி மேலே போகும். இரண்டாவது, ஷட்டரின் அடி விளிம்பில் இருக்கும் பாட்டம் பட்டையில் ரப்பர் சென்சார். கண் சென்சார் ஒரே ஒரு கோட்டைத்தான் பார்க்கும், அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு கை நீண்டிருந்தால் அதற்குத் தெரியாது, ரப்பரில் பட்டால்தான் தெரியும். மூன்றாவது, பக்கவாட்டில் செயின் மோட்டார் போட்டால், ஷட்டர் சுருளும் உருளையான ஷாஃப்டின் அடுத்த முனையில் சேஃப்டி பிரேக். செயின் அறுந்தால் மொத்த ஷட்டரும் ஒரே வீச்சில் கீழே வரும், பிரேக் இருந்தால் வேகம் கூடின உடனே பிடித்துவிடும். காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று பலபேர் முதலில் வெட்டுவது இந்தப் பிரேக்கைத்தான், அது எனக்கு ஆறவே ஆறாது.

இத்தனையும் இப்போது முடியாது என்றால் ரிமோட்டையே விட்டுவிடுங்கள். பட்டனை அமுக்கிப் பிடித்திருக்கும் வரைதான் இறங்க வேண்டும், கையை எடுத்தால் நிற்க வேண்டும், அப்படி வயரிங் பண்ணச் சொல்லுங்கள். பட்டன் இருக்கும் இடத்திலிருந்து ஷட்டர் முழுசாகக் கண்ணில் படவேண்டும். மாமியாருக்கும் இது சிரமம் இல்லை.

மேலே ஏறும்போதும் ஆபத்து உண்டு, யாரும் சொல்வதில்லை. பிள்ளைகள் பாட்டம் பட்டையைப் பிடித்துத் தொங்குவார்கள், அது அப்படியே தூக்கிக்கொண்டு போய் மேலே சுருளும் இடத்தில் கையை இழுத்துவிடும். சுருள் மேல் மூடி இல்லாமல் வேலையை முடிக்கவிடாதீர்கள்.

சித்தூர்க்காரன், இப்போது நியூஜெர்சி:

பாலக்காட்டுச் சித்தூர்தான் சொந்த ஊர். இங்கே அமெரிக்காவில் பெரும்பாலும் வீட்டோடு ஒட்டித்தான் கார் ஷெட் இருக்கும், கதவும் மோட்டார் கதவுதான். பிள்ளைகள் கதவுக்கு அடியில் மாட்டி இறந்துபோன பிறகுதான் சட்டம் வந்தது. 1993 ஜனவரி முதல் வீடுகளுக்காகத் தயாரிக்கும் ஒவ்வொரு மோட்டாரிலும் கண் சென்சாரோ அதற்கு இணையான இன்னொரு பாதுகாப்போ இருந்தே ஆகவேண்டும். விலை கூடும் என்பதெல்லாம் இங்கே பேச்சே இல்லை.

அளவையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் ஷட்டருக்கும் பொருந்தும். கண் சென்சார் தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இடுப்பு உயரத்தில் வைத்தால் கார் தெரியும், தவழ்கிற குழந்தை தெரியாது. சுவர் பட்டன் தரையிலிருந்து 5 அடிக்குக் குறையக் கூடாது, சின்னப் பிள்ளைகளுக்கு எட்டக் கூடாது என்பதற்காக. மாசம் ஒரு தடவை சோதிக்கச் சொல்வார்கள்: ஒன்றரை அங்குலத் தடிமன் உள்ள கட்டையைத் தரையில் படுக்கப் போட்டு கதவை இறக்க வேண்டும், கட்டையில் பட்ட 2 நொடிக்குள் திரும்பி மேலே போக வேண்டும். போகவில்லை என்றால் சரிசெய்யும் வரை மோட்டாரைத் தொடக் கூடாது. கையை வைத்துச் சோதித்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இன்னொன்று, ஷட்டரில் ஸ்பிரிங் இருந்தால் அது எப்போதும் முறுக்கேறியே இருக்கும். அதைக் கழற்றுவதும் இறுக்குவதும் தெரிந்தவர் வேலை, வீட்டுக்காரர் ஸ்பேனரோடு ஏணியில் ஏற வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை அம்மா எழுதியது:

இருவருக்கும் நன்றி. பட்டறை அண்ணா, எங்கள் ஷட்டர் மேற்கு பார்த்தது. சாயங்கால வெயில் நேராக அடிக்கும், ஆடி மாசக் காத்து எப்படி என்று உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். சென்சார் இதையெல்லாம் தாங்குமா? கரண்ட் போனால் என்ன செய்வது?

வேலந்தாவளம் பட்டறை எழுதியது:

வெயில் நேராகச் சென்சாரின் வாங்குகிற கண்ணில் விழுந்தால் அது குழம்பும், ஷட்டர் இறங்காமல் நிற்கும். அனுப்புகிற கண்ணையும் வாங்குகிற கண்ணையும் பக்கம் மாற்றிவைத்து, மேலே சின்னதாக ஒரு தகடு மறைப்புக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தூசியும் சிலந்தி வலையும்தான் பெரிய தொல்லை, மாசத்துக்கு ஒருமுறை துணியால் துடையுங்கள். இறங்கவில்லை என்று கோபத்தில் சென்சார் வயரைச் சேர்த்து முறுக்கிவிடுகிற ஆட்கள் உண்டு, அவர்களை ஷட்டர் பக்கமே விடாதீர்கள்.

காத்துக்கு, பாலக்காட்டுக் கணவாய்க் காத்து தகட்டை உள்பக்கம் வளைத்து, ஷட்டர் ஏறி இறங்கும் பக்கத் தடமான சைடு சேனலிலிருந்து பிதுக்கிவிடும். 10 அடி அகலத்துக்குச் சேனல் ஆழமாக இருக்க வேண்டும், தகட்டு முனைகள் சேனலை விட்டு வராமல் பிடிக்கிற லாக் கிளிப் போடச் சொல்லுங்கள்.

கரண்ட் போனால் கையால் இழுக்கும் செயின் இருக்கும். சில மோட்டாரில் பிரேக்கை விடுவிக்கும் கயிறு ஒன்றும் தொங்கும், அதை இழுத்தால் ஷட்டர் தன் கனத்தில் கீழே வந்துவிடும். அந்தக் கயிற்றைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் சுருட்டி உயரத்தில் கட்டிவையுங்கள். ஷெட்டுக்குள் மாட்டிக்கொண்டால் வெளியே வர வீட்டுக்குள் போகிற கதவும் ஒன்று இருந்தாக வேண்டும்.

கோபாலபுரம் ஆசிரியை எழுதியது:

கேட்டைப் பற்றி யாருமே பேசவில்லையே. எனக்கு ஷட்டரைவிட அதில்தான் பயம். ஸ்லைடிங் கேட் ட்ராக்கை விட்டுக் கழன்று மேலே விழுந்து குழந்தைகள் இறந்த செய்திகள் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. 2024 ஜூனில் மலப்புறம் மாவட்டம் திரூர் பக்கம் பக்கத்து வீட்டு ரிமோட் கேட்டில் மாட்டி ஒரு சிறுவன் இறந்தான். நம் வீட்டுப் பிள்ளைகளை நாம் எத்தனை மிரட்டி வைத்தாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு யார் சொல்வது?

தகடு அடித்த கேட் என்றால் கனம் எளிதாக 200 கிலோவைத் தாண்டும். அது விழாமல் பிடித்திருப்பது மேலே சாயாமல் தாங்கும் கைடு ரோலரும், இரண்டு முனையிலும் ஓட்டத்தைத் தடுக்கும் ஸ்டாப்பரும்தான். ஸ்டாப்பர் இல்லாத கேட்டைப் பையன்கள் வேகமாக இழுத்தால் அது கைடைத் தாண்டி ஓடி, பிடிமானம் இல்லாமல் சாய்ந்துவிடும். வெல்டிங்காரர் முடித்துப் போவதற்கு முன்னால் நீங்களே கேட்டை இரண்டு பக்கமும் கடைசி வரை தள்ளிப் பாருங்கள். மழைக்காலத்தில் மண்ணும் சரளையும் ட்ராக்கில் அடைத்துச் சக்கரத்தைத் தூக்கிவிடும், கூட்டிவிடுவது நம் வேலை. துருப்பிடித்த ரோலரை உடனே மாற்றிவிட வேண்டும். கேட்டில் ஏறி நின்று சவாரி போவதை மட்டும் ஒரு நாளும் அனுமதிக்காதீர்கள்.

சித்தூர்க்காரன், இப்போது நியூஜெர்சி:

படுக்கை அறை நேர் மேலே என்று முதலில் எழுதியிருந்தீர்கள், அதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. கரண்ட் போனால் ஜெனரேட்டரை ஷெட்டுக்குள் வைத்து ஓட்டும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. கூடவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, படிக்கட்டு வழியாகவும் ஜன்னல் வழியாகவும் மேலே ஏறித் தூங்குகிறவர்களைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். ஷட்டர் பாதி திறந்திருந்தாலும் போதாது. இங்கே வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி வெளியில் வைக்கச் சொல்கிறார்கள். காரையும் ஷட்டருக்குள் ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்க வேண்டாம், வெளியே எடுத்துவிட்டு மற்றதைச் செய்யுங்கள்.

கொழிஞ்சாம்பாறை அம்மா எழுதியது:

ஜெனரேட்டரை அங்கேதான் வைப்பதாக இருந்தது. இன்றைக்கே இன்ஜினியரிடம் சொல்லி இடத்தை மாற்றச் சொல்கிறேன். சென்சாரும் பிரேக்கும் சொன்ன கொட்டேஷனையே எடுத்துக்கொள்கிறோம், கட்டை வைத்துச் சோதித்துக் காட்டிய பிறகுதான் மீதிப் பணம் என்று வீட்டுக்காரரும் சொல்லிவிட்டார். ரிமோட் ஒன்று காரில், ஒன்று மாமியாரிடம் இருக்கட்டும் என்று நினைக்கிறோம், அது சரியா?

வேலந்தாவளம் பட்டறை எழுதியது:

காரில் வைக்கிறதைச் சாவியோடு சேர்த்து மாட்டிக் கையோடு எடுத்துவந்துவிடுங்கள், காருக்குள் விட்டுவைத்தால் பிள்ளைகள் எடுத்துவிடுவார்கள். மாமியாருக்கு ரிமோட் வேண்டாம், 5 அடி உயரத்தில் பட்டனே போதும், ஷட்டரைப் பார்த்துக்கொண்டே அமுக்குவார்கள். பிரேக்கின் கம்பெனி பெயரையும் அது தாங்கும் எடையையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.