பிலிப்பி சிறைக்காரன் நடுராத்திரி எங்கே மூழ்கினான்?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்: "தலையில தண்ணி தெளிக்கிற தெளிப்பு ஞானஸ்நானம் எடுத்தவனுக்குத் தேவசத்தம் கேட்காது, தண்ணியில மூழ்கி முழுக்கு எடுத்தவனுக்குத்தான் கேட்கும்"னு ஏற்காட்டுக்காரர் ஒருத்தர் நேத்து எழுதிட்டார். சீலோவில் படுத்திருந்தப்போ தேவசத்தம் கேட்ட சாமுவேல் எந்தத் தொட்டியில் இறங்கினானாம்? ரோம நூற்றுக்கு அதிபதி கொர்நேலியுவுக்குத் தரிசனம் வந்ததும் ஞானஸ்நானத்துக்கு முன்னாடிதான். சரி, அப்போஸ்தலர் 16க்கு வாங்க. பவுலையும் சீலாவையும் அடைச்சு வெச்ச சிறையோட காவலன் அதே ராத்திரி ஞானஸ்நானம் எடுத்தானே. பிலிப்பி சிறைக்காரன் நடுராத்திரி எங்கே மூழ்கினான்?

மலைவாசி: பேரைச் சொல்லியே திட்டுங்க பிரதர், எழுதினது நான்தான். அதே அதிகாரம் 13ஆம் வசனத்தில் ஆறு இருக்கே, கண்ணுக்குத் தெரியலையா? ரோமர் 6:4 ஞானஸ்நானத்தினால கிறிஸ்துவோட அடக்கம்பண்ணப்பட்டோம்னு சொல்லுது. உங்க ஊர்ல அடக்கம்னா மேல ஒரு பிடி மண்ணைத் தூவிட்டு வந்துடுவீங்களா?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்: ரோமர் கிடக்கட்டும். பூமி அதிர்ந்து கதவெல்லாம் திறந்து கிடக்கு. கைதிங்க ஓடிட்டாங்கன்னு கத்தியை உருவினவன், அத்தனை பேரையும் விட்டுட்டு, முதுகு கிழிஞ்ச பவுலையும் சீலாவையும் இருட்டில் ஆத்துக்கா கூட்டிட்டுப் போவான்?

மலைவாசி: 34ஆம் வசனம் படிங்க. ஞானஸ்நானம் ஆன பிறகுதான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறான். அப்ப நடந்தது வெளியேதானே?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்: வெளியேன்னா சிறை முற்றம். காயம் கழுவின தண்ணி அங்கேயே இருந்துச்சு. எங்கே மூழ்கினான்? பதில் வரலையே.

காப்பிப்பூ: அங்கிள், எனக்குக் குழந்தையில தெளிப்பு, அப்புறம் விசுவாசத்தை உறுதிப்படுத்துற திடப்படுத்தல் சடங்கு, 20 வயசுல பூலாம்பட்டி காவிரியில முழுக்கு. மூணுலயும் ஒரு சத்தமும் கேட்கலை. எலியாவுக்குக் காத்துலயும் நெருப்புலயும் இல்லாம மெல்லிய சத்தமா வந்துச்சே, அந்த மாதிரி கேட்கிறதுன்னா என்னன்னு முதல்ல சொல்லுங்களேன்?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்: அதை அப்புறம் பாப்போம் பாப்பா. ஏற்காட்டுல ஏரியை வெச்சுக்கிட்டு பூலாம்பட்டிக்கா போறாங்க?

மலைவாசி: படகு விடுற டூரிஸ்ட் கூட்டத்து நடுவுலயா முழுக்குக் கொடுப்பாங்க? கேக்கிற கேள்வியைப் பாரு.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்: ஆக, இடம் பாத்துத்தான் கொடுக்கிறீங்க! ஆதிச்சபையோட போதனை நூலான திதாக்கே, தண்ணி போதலைன்னா தலையில மூணு தரம் ஊத்தச் சொல்லுது.

மலைவாசி: திதாக்கே வேதம் இல்லை. அதுலயும் ஊத்துறது கடைசி வழி. சேலத்துல தண்ணிக்கு என்ன பஞ்சம்?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்: பஞ்சம் இல்லையா? எங்க தெருக் குழாயை வந்து திறந்து பாருங்க சாமி.

மலைவாசி: இவர்கிட்ட பேசி ஆகாது. போன கிறிஸ்மஸ் கேரல் ரவுண்ட்ஸ்ல எங்க வேனை அடிவாரத்துலயே நிறுத்தி வெச்ச மனுஷன்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்: டீசல் காசு கொடுக்காதவங்க வேன் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறுமா?

மலைவாசி: கொடுத்தாச்சு. ஜிபே ஸ்கிரீன்ஷாட் போடட்டுமா?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்: போடுங்க. தேதியை வெட்டாம போடுங்க.