அப்டேட்: எம்எம்ஏ பழகுற தம்பி பாக்ஸிங் போட்டியில இறங்கிட்டான்

எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்த சண்டை) பழகுற எங்கட தம்பி அமெச்சூர் பாக்ஸிங்கில இறங்கினா சரிவருமோ எண்டு முன்னம் கேட்டிருந்தனான், பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. போட்டி முடிஞ்சுது. பொயின்ற்ஸில தோத்திட்டான், ஆனாலும் எனக்கு சரியான சந்தோசம்.

முதல் ரவுண்டில நல்லா தடுமாறினான், எம்எம்ஏல 4 அவுன்ஸ் க்ளவுஸ் போட்டுப் பழகின கைக்கு இவன்ர எடைக்குரிய 10 அவுன்ஸ் பாரமாத்தான் இருக்கும், அதோட டேக்டவுனை, அதாவது எதிராளி பிடிச்சுக் கீழ விழுத்துறதைத் தடுக்கவெண்டு காலை அகட்டி நிண்டு பழகினவன், எதிராளி ஜாப் (முன்கையால நேரா விடுற குத்து) போட்டுட்டு பக்கத்தால விலகேக்க இவனால திரும்பேலாமப் போச்சு. கிட்டப் போய்ப் பிடிச்சாலும் ரெஃப்ரி உடன பிரிச்சு விட்டிடுவார், எம்எம்ஏல அவன்ர பலமே அந்தப் பிடிதான். மொத்தமே 3 நிமிசப்படி 3 ரவுண்ட், ரவுண்டை வெண்டவருக்கு 10 புள்ளி, அதால முதல் ரெண்டையும் விட்டா பிறகு எட்டிப் பிடிக்கிறது லேசில்ல.

மூண்டாவதில ஜாபைக் காட்டிட்டு வலது கையால விலாவில ஒண்டு விட்டான் பாருங்கோ, அந்தப் பெடியன் ரெண்டடி பின்னால போனவன்!

இப்ப திருகோணமலை உவர்மலையில ஒரு பாக்ஸிங் கோச்சிட்ட விட்டிருக்கிறம், பின்னேரத்தில டச்சுபே கடற்கரை மணலில ஃபுட்வேர்க் (கால் நகர்த்திற பயிற்சி). உங்கட பிள்ளையளையும் இறக்கிறதெண்டா முதல்ல கொஞ்ச மாசம் தனி பாக்ஸிங் ஸ்பாரிங் (ஆளோட மோதிப் பழகுறது) குடுங்கோ.