1911 ரயில்வே பத்திரத்தில் செலோடேப் பசை: எடுத்துத் தர ஆள் வேண்டும்

சீனாவின் ஹுகுவாங் ரயில்வேக்காக 1911-இல் வெளியான 20 பவுண்டு கடன் பத்திரம் என்னிடம் இருக்கிறது. 5 சதவீத வட்டி, அதை வாங்க வெட்டிக் கொடுக்கும் கூப்பன்களோடு. சிங்கப்பூரில் வேலை பார்த்த தாத்தா கொண்டுவந்தது. இந்த ரயில் பாதைகளை அரசே எடுத்துக்கொண்டதில்தான் சிச்சுவானில் கலகம் வெடித்தது. அந்த வருடமே புரட்சியும் வந்து, 1912-இல் மன்னராட்சி போனது. இனி இதைக் காசாக்க முடியாது. அமெரிக்க நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தவர்களுக்கே ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் 'கோடி தேறும்' என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

பிரச்சினை பின்பக்கம். மடிப்பு கிழிந்த இடத்தில் தாத்தா செலோடேப் ஒட்டியிருக்கிறார். டேப் காய்ந்து உதிர்ந்துவிட்டது. பசை மட்டும் பழுப்பாக ஊறி, போன ஐப்பசி மழைக்கு அப்புறம் முன்பக்கக் கூப்பன் வரை தெரிகிறது. தொட்டால் பிசுபிசுக்கிறது.

ரப்பரால் மெதுவாகத் தேய்த்தேன், பசை உருண்டு வந்ததோடு சரி, கறை போகவில்லை. ஓர வெள்ளைப் பகுதியில் ஹேர் டிரையர் காட்டியும் பலனில்லை. ஜங்ஷன் பக்கம் பிரேம் கடையில் லேமினேஷன் போடச் சொன்னார்கள், வேண்டாம் என்று வந்துவிட்டேன். தின்னர் தொட்டால் முத்திரை மை கலையுமோ என்று பயம். இப்போதைக்கு பட்டர் பேப்பருக்கு நடுவே வைத்திருக்கிறேன்.

இருப்பது பாளையங்கோட்டை. மதுரை, திருவனந்தபுரம் வரை வரத் தயார். பழைய காகிதத்தில் இந்தப் பசையைப் பக்குவமாக எடுத்துத் தருபவர் யாரையாவது தெரியுமா?