ஓவர் ஸ்பீடு என்று இ-சலான் வந்திருக்கிறது, எதிர்க்க வழி சொல்லுங்கள் (அவசரம்)

கொடுமணல்:
வணக்கம். காலையில் மொபைலுக்கு மெசேஜ் வந்தது. ஓவர் ஸ்பீடாம், ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டுமாம். நான் அந்த வேகத்தில் போகவே இல்லை. வீட்டுக்காரியும் மகளும் கூட இருந்தார்கள், வேண்டுமானால் அவர்களைக் கேட்கட்டும். பணம் பெரிதில்லை, செய்யாத தப்புக்கு எதற்குக் கட்ட வேண்டும்? அடுத்த மாதம் வண்டியை விற்க ஆள் பார்த்தாயிற்று, அதற்குள் இது முடிய வேண்டும். யாரிடம் போவது? வக்கீல் வைக்கணுமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

நாலுவழி நாகு:
பைக்கா காரா? எந்த ரோடு? சலானில் என்ன வேகம் போட்டிருக்கிறது, அங்கே அனுமதி எவ்வளவு? சம்பவத் தேதி எது, மெசேஜ் வந்தது எப்போது? போட்டோ இருக்கிறதா? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது சார்.

தென்னந்தோப்பு:
முதலில் அது நிஜச் சலான்தானா என்று பாருங்கள். சலான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் (மொபைல் ஆப்பை நிறுவும் ஃபைல்) அனுப்புகிறார்கள். இன்ஸ்டால் செய்தால் ஓடிபி எல்லாம் அவர்கள் கைக்குப் போய்விடும், பேங்க் கணக்கு காலி. மெசேஜில் உள்ள லிங்க்கைத் தொடாதீர்கள். நீங்களே பிரவுசரில் அரசின் பரிவாகன் இ-சலான் தளத்துக்குப் போய், வண்டி எண்ணையும் சேஸிஸ் எண்ணின் கடைசி இலக்கங்களையும் கொடுத்துத் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் அது போலி.

வளைவுச்சாமி:
வேகத்தை அளக்கும் ராடாரின் கோளாறாகத்தான் இருக்கும். கேமரா கம்பத்தின் மேலே சாய்வாக நிற்கிறது. கோணம் சாய்ந்தால் வேகத்தைக் கூட்டிக் காட்டும். அதைச் சொன்னாலே போதும்.

நாலுவழி நாகு:
தலைகீழாகச் சொல்கிறீர்கள் சாமி. ராடார் தன்னை நோக்கி வரும் வேகத்தை மட்டும்தான் அளக்கும். கோணம் கூடக் கூட அளவு குறையுமே தவிர ஏறாது. அதைச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போனால் எதிர்த்தரப்புக்குத்தான் வசதி.

வளைவுச்சாமி:
கையில் பிடிக்கும் கருவிக்கு நீங்கள் சொல்வது சரி. கம்பத்தில் நிரந்தரமாக நிறுத்திய கேமராவில், கோணத்தால் குறைவதை மென்பொருளே ஈடுகட்டும். பொருத்தும்போது கோணத்தைத் தப்பாகக் கொடுத்திருந்தால் வேகம் கூடத்தானே வரும்?

நாலுவழி நாகு:
அப்படியானால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை நாம் இங்கிருந்து நிரூபிக்க முடியாது. கருவிக்கான சான்றிதழைக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

சட்டமணி:
இந்தக் கேள்வியை மாதத்துக்கு ஒருவர் கேட்கிறார். கொஞ்சம் தேடிப் பார்த்துவிட்டு வந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் சேர்த்த 167ஏ விதியைப் படிக்கவும், கேமரா சலான் பற்றியது. கருவிக்கு மாநில அரசின் ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கேமராவுக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும். சலானில் நம்பர் பிளேட் தெரியும் போட்டோ, கருவியின் அளவீடு, தேதி, நேரம், இடம், மீறிய பிரிவு, சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் (மின்னணு ஆதாரத்துக்கானது) எல்லாம் இருக்க வேண்டும். நோட்டீஸ் 15 நாளுக்குள் அனுப்ப வேண்டும். ஒன்று குறைந்தாலும் அதை வைத்து எதிர்க்கலாம். அவ்வளவுதான், இதற்கு ஒரு பதிவு தேவையே இல்லை.

தென்னந்தோப்பு:
சட்டமணி சார், ஒரு திருத்தம். 2024 ஜூலை முதல் பழைய சாட்சியச் சட்டம் கிடையாது. 65பி இருந்த இடத்தில் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு. மனுவில் பழைய எண்ணை எழுதிக் கொடுத்தால் அதைப் பிடித்துக்கொண்டே இழுத்தடிப்பார்கள்.

மதகடி:
ஆயிரம் ரூபாய்தானே, கட்டிவிட்டு வேலையைப் பாருங்கள். வீண் அலைச்சல்.

நாலுவழி நாகு:
கட்டிவிட்டால் தப்பை ஒத்துக்கொண்டு சமரசமாக முடித்ததாகத்தான் கணக்கு. அப்புறம் எதிர்க்க ஒன்றும் இருக்காது. எதிர்க்கும் எண்ணம் இருந்தால் கட்டவே கூடாது.

கொடுமணல்:
மன்னிக்கவும், வேலைக்கு நடுவில் போட்டேன். பரிவாகனில் பார்த்துவிட்டேன், நிஜச் சலான்தான். கார். சலானில் 78, அனுமதி 60. திருச்சி போகும் வழியில் ஒரு பைபாஸ், ஊர்ப் பெயரைப் பொதுவில் போட வேண்டாமே. சம்பவம் 3ஆம் தேதி, மெசேஜ் 27ஆம் தேதி. போட்டோ இருக்கிறது. இடது தடத்தில் என் கார், வலப்பக்கம் என்னைத் தாண்டிப் போகிற ஆம்னி பஸ். பஸ்ஸின் மூக்கு என் கார் கண்ணாடிக்கு நேராக இருக்கிறது. கீழே இன்னொரு சின்னப் படத்தில் என் நம்பர் பிளேட்டை மட்டும் பெரிதாக்கிப் போட்டிருக்கிறார்கள். பஸ்ஸின் பிளேட் படத்துக்கு வெளியே போய்விட்டது.

வளைவுச்சாமி:
பஸ்ஸா! இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டாமா? ராடார் அலை பெரிய தகரப் பரப்பில் பட்டுத்தான் பலமாகத் திரும்பும். 78 அந்த பஸ்ஸின் வேகம். கேமரா படிக்க முடிந்த ஒரே பிளேட் உங்களுடையது.

நாலுவழி நாகு:
இப்போதுதான் பிடி கிடைத்திருக்கிறது. பல தடங்களைத் தனித்தனியாக அளக்கிற கேமராவும் உண்டு, அதனால் அளந்தது பஸ்ஸைத்தான் என்று அடித்துச் சொல்லாதீர்கள். 'ஒரே படத்தில் இரண்டு வாகனங்கள், அளவீடு எதனுடையது என்று காட்டுங்கள்' என்று கேளுங்கள். அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களை நேர முத்திரையோடு கேளுங்கள். 78-ல் போகிற வண்டி அரை வினாடியில் சுமார் 10.8 மீட்டர் நகரும், 60-ல் போனால் 8.3 மீட்டர்தான். ரோட்டில் உள்ள விட்டுவிட்டுப் போட்ட வெள்ளைக்கோட்டை நேரில் அளந்து வைத்துக்கொண்டால் இரண்டு படத்தில் உங்கள் கார் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். டேஷ்கேம் (காருக்குள் வைத்து ரோட்டைப் படம் எடுக்கும் கேமரா) இருக்கிறதா?

கொடுமணல்:
டேஷ்கேம் இல்லை. ஸ்பீடோமீட்டரில் 60-தான் காட்டியது, நன்றாக நினைவிருக்கிறது.

சட்டமணி:
3-க்கும் 27-க்கும் 24 நாள். 15 நாள் தாண்டிவிட்டது. வழக்கு முடிந்தது.

தென்னந்தோப்பு:
அனுப்ப வேண்டும் என்று விதியில் இருக்கிறது. தாண்டினால் தானாகவே ரத்து என்று எங்கே இருக்கிறது? அது ஒரு வாதம், அவ்வளவுதான். அதை மட்டும் நம்பி ஒருவரை கோர்ட்டுக்கு அனுப்பக்கூடாது. போட்டோவை முதலில் வையுங்கள், தாமதத்தை இரண்டாவதாக வையுங்கள்.

வளைவுச்சாமி:
ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்துக்குக் கீழே காட்டக்கூடாது என்பது சர்வதேசத் தரம். எல்லா வண்டியிலும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். 60 காட்டியது என்றால் நிஜத்தில் 55, 57 இருந்திருக்கும்.

மதகடி:
எல்லோரும் தப்பிக்க வழி சொல்கிறீர்களே. 2022இல் நாடு முழுக்க சாலை விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. அதில் பெரும்பங்கு வேகத்தால். என் தெரு முனையிலேயே ஒரு பையன் போய்விட்டான். கேமரா வந்ததே நல்லது.

வளைவுச்சாமி:
கேமரா வேண்டாம் என்று யார் சொன்னது? வரம்பை முதலில் ஒழுங்காக வையுங்கள் என்கிறேன். 2023 ஜூனில் சென்னையில் பகலில் 40 என்று அறிவித்து எவ்வளவு எதிர்ப்பு? நவம்பரில் காருக்கு 60, பைக்குக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருவில் 30 என்று மாற்றினார்கள். நாலு வழிச் சாலையில் 60 வைப்பது யாருக்காக?

மதகடி:
பைபாஸ் ஓரத்தில் குறுக்கே நடக்கிறவருக்காக. சர்வீஸ் ரோடு இல்லாத ஊரில் வேறு எங்கே கடப்பார்?

சட்டமணி:
தலைப்புக்குச் சம்பந்தமில்லாத பேச்சு.

நாலுவழி நாகு:
மதகடி ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வேகமாகப் போன பஸ்ஸை விட்டுவிட்டு மெதுவாகப் போன காருக்கு ஃபைன் போட்டால் யார் உயிரும் பிழைக்காது. அந்த பஸ் டிரைவருக்கு இன்றுவரை ஒரு மெசேஜும் போயிருக்காது. தப்பான சலானைக் கேள்வி கேட்பதும் சாலைப் பாதுகாப்புதான்.

கொடுமணல் சார், இனி செய்ய வேண்டியது இதுதான். பரிவாகன் இ-சலான் தளத்திலேயே குறைதீர்ப்புப் பகுதி இருக்கிறது. சலான் எண்ணோடு போட்டோவை இணைத்து, பஸ்ஸைப் பற்றி நாலே வரியில் எழுதுங்கள். கோபமாக எழுத வேண்டாம். அதே மனுவைச் சலான் போட்ட பிரிவின் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள். கருவியின் ஒப்புதல் சான்றிதழ் நகலையும் அதிலேயே கேளுங்கள். எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா என்று அந்தப் பக்கம் போகும்போது படம் எடுங்கள், ஆனால் வண்டி ஓட்டிக்கொண்டே எடுக்காதீர்கள். அங்கே தீராவிட்டால் விர்ச்சுவல் கோர்ட்டுக்கு (ஆன்லைன் நீதிமன்றம்) போகும். அதில் அபராதம் கட்டுகிறேன், வழக்கை எதிர்கொள்கிறேன் என்று இரண்டு வழி வரும். இரண்டாவதைத் தேர்ந்தால் சாதாரண மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு மாறும். அப்போது வக்கீலைப் பார்த்தால் போதும். வண்டி வாங்குகிறவரிடம் இப்போதே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். பெயர் மாற்றத்தின்போது நிலுவைச் சலான் குறுக்கே நிற்கும்.

ஓடைக்கரை:
எனக்கும் இதே மாதிரி வந்திருக்கிறது, ஆனால் படத்தில் இருப்பது என் வண்டியே இல்லை. என்னுடையது ஸ்கூட்டர், அதில் சரக்கு ஆட்டோ. என்ன செய்ய?

தென்னந்தோப்பு:
உங்களுடையது இதைவிட எளிது. ஆர்சி நகலும் உங்கள் ஸ்கூட்டரின் முன், பின் படமும் சேர்த்து அதே குறைதீர்ப்பில் போடுங்கள். ஒரு எழுத்தைக் கேமரா தப்பாகப் படித்திருக்கலாம். படத்தில் உள்ள பிளேட்டும் அச்சு அசலாக உங்கள் எண்ணே என்றால் யாரோ உங்கள் எண்ணைப் போட்டு ஓட்டுகிறார்கள், உடனே போலீஸில் எழுத்து மூலம் புகார் கொடுத்துவிடுங்கள். தனிப் பதிவாகப் போட்டால் இன்னும் நாலு பேர் பார்ப்பார்கள்.

கொடுமணல்:
எல்லோருக்கும் நன்றி. மனு கொடுத்தேன், முத்திரையும் வாங்கினேன். சான்றிதழ் நகல் வரவில்லை. நேற்று தளத்தில் பார்த்தால் என் வண்டிக்கு நிலுவைச் சலான் எதுவும் இல்லை என்று வருகிறது. காரணம் ஒன்றும் போடவில்லை.

நாலுவழி நாகு:
அந்தப் பக்கத்தைத் தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விர்ச்சுவல் கோர்ட் தளத்திலும் வண்டி எண்ணைப் போட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள், இங்கே மறைந்து அங்கே போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.