புதுப்பிப்பு: 208 மணி நேரம் 8.67 ஆன கதை

போன வாரம் கேட்டிருந்தேனே, குமுளி ஏலக்காய் ஸ்டோர் சம்பளச் சீட்டில் மெர்ஜ் ஃபீல்டு (எக்செல் தாளில் உள்ள எண்ணை வேர்டு சீட்டுக்குள் கொண்டுவரும் இடம்) மொத்த நேரத்தை 208க்குப் பதில் 8.6666667 என்று காட்டுகிறது என்று. தீர்ந்தது. ஃபீல்டு மேல் தப்பில்லை. எக்செல் நேரத்தை நாள் கணக்கில் வைத்திருக்கிறது; 208 மணியை 24ஆல் வகுத்தால் 8.67 நாள். வேர்டு அதை அப்படியே இழுத்துவிடுகிறது.

முதலில் டெக்ஸ்ட் ஃபார்முலா போட்டு மணி, நிமிடமாக மாற்றினேன். 16:00 என்று வந்தது! ஒவ்வொரு 24 மணிக்கும் மறுபடி சுழியத்திலிருந்து எண்ணுகிறதாம்; எட்டு முழு நாள் போக மீதி 16 மணி மட்டும் காட்டியிருக்கிறது. இது தெரியாமல் பிரிண்ட்டும் கொடுத்துவிட்டேன். கம்பத்திலிருந்து ஜீப்பில் வரும் அக்கா ஒருவர், "ஏன் தம்பி, மாசத்துல ரெண்டு நாள்தான் வந்தேனா?" என்றார்.

அப்புறம் தனி நெடுவரிசையில் 24ஆல் பெருக்கி, எண் வடிவத்தில் வைத்து, ஃபீல்டை அதற்குத் திருப்பினேன். 208. சரி. அக்கா புதுச் சீட்டை மடித்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார்.