விலங்குரிமை அமைப்புல வேலை பார்த்தவங்க இருந்தா உங்க அனுபவத்தைச் சொல்லுங்களேன்

எனக்கு ஊர் திருச்சி. பி.காம் முடிச்சுட்டு ரெண்டு வருஷமா ஒரு ஏஜென்சியில பில் போட்டுட்டிருக்கேன். சென்னையில ஒரு விலங்குரிமை அமைப்புல களப்பணிக்கு ஆள் எடுக்குறாங்கன்னு தெரிஞ்சு போய்ப் பார்த்தேன், அடுத்த மாசம் வரச் சொல்லிட்டாங்க. வீட்ல ரெண்டு நாளா யாரும் சரியாப் பேசலை. "நாய் பிடிக்கவா உன்னைப் படிக்க வெச்சேன்"னு அப்பா கேட்டதுக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. எனக்குப் பிடிச்ச வேலைதான். ஆனா உள்ளே எப்படி இருக்கும்னு தெரியாது. நல்லது கெட்டது எதையும் மறைக்காம சொல்லுங்க.

*

தங்கச்சி, நான் ஆறு வருஷமா சென்னையில தெருநாய்க் கருத்தடை வண்டியில போறேன். ஜனங்க வாயில அது நாய் வண்டி.

முதல்ல ஒண்ணு. சேர்றதுக்கு முன்னாடியே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கோங்க. முதல் நாள், 7ஆம் நாள், 21ஆம் நாள்னு மூணு ஊசி. கடி வாங்கினப்புறம் போடுறது வேற, இது முன்கூட்டியே போடுறது. இதைப் போட்டு வெச்சிருந்தா பின்னாடி கடிபட்டாலும் முதல் நாள் ஒண்ணு, மூணாம் நாள் ஒண்ணுன்னு ரெண்டு ஊசியோட முடிஞ்சிடும். நான் முதல்ல இருந்த ஆபீஸ்ல என்னைச் சேர்த்து நாலு மாசம் கழிச்சுத்தான் போட்டாங்க. அதுக்குள்ள ரெண்டு கடி வாங்கியாச்சு. அதனால கேட்டு வாங்குங்க, கூச்சப்படாதீங்க.

விடியக்காலம் நாலரைக்கு வண்டி எடுப்போம். அப்பதான் தெருவுல நடமாட்டம் இருக்காது. நாய்ங்க கார் அடியில, குப்பைத்தொட்டி ஓரத்துல சுருண்டு படுத்திருக்கும். ஒண்ணை வலை போட்டுப் பிடிச்சா அது கத்துற கத்துல தெருவே எழுந்துடும். மாடியிலேர்ந்து ஒருத்தர், "எல்லாத்தையும் அள்ளிட்டுப் போங்க, திரும்பக் கொண்டு வராதீங்க"ம்பார். எதிர்வீட்டு அம்மா நைட்டியோட ஓடி வந்து வண்டிக் கதவைப் பிடிச்சுக்கிட்டு, "எங்க பிள்ளையை எங்கப்பா தூக்கிட்டுப் போறீங்க"ன்னு அழுவாங்க. ரெண்டு பேரும் சொல்றது ஒரே நாயைத்தான்.

பிடிக்கிறதுதான் கஷ்டமா இருக்கும்னு நினைச்சு வந்தேன். கஷ்டமெல்லாம் திரும்பக் கொண்டுபோய் விடுறதுலதான். கருத்தடை பண்ணி, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, காதுல 'வி' மாதிரி சின்னதா வெட்டி அடையாளம் வெச்சு, தையல் ஆறுற வரைக்கும் கூண்டுல வெச்சிருந்து, பிடிச்ச அதே இடத்துல விடணும். தெருநாய்க் கருத்தடைக்கான 2001 விதிகள்லயும் அப்படித்தான், 2023ல வந்த புது விதிகள்லயும் அப்படித்தான். காரணம் இருக்கு. ஒரு தெருவைக் காலி பண்ணினா பக்கத்துத் தெரு நாய் அங்கே வந்துடும். அது ஊசி போடாத நாயா இருக்கும், குட்டியும் போடும். இதை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்.

ஆனா வியாசர்பாடி பக்கம் ஒரு தெருவுல என்னால சொல்ல முடியலை. நாலு நாயைக் கொண்டு வந்து கதவைத் திறக்கப் போறேன், ஒரு அம்மா குழந்தையைத் தூக்கிட்டு வந்து நின்னுட்டாங்க. நாலு வயசு இருக்கும். கன்னத்துல தையல், மேல மருந்து காய்ஞ்சு மஞ்சளா கிடக்கு. "இதைப் பார்த்துட்டுத் திறப்பா"ன்னாங்க. வேற ஒரு வார்த்தை பேசலை. என் வாயிலயும் எந்த விதியும் வரலை. கடிச்சது இந்த நாலுல எதுவும் இல்லை, அடுத்த தெரு நாய். அதைச் சொல்லி என்ன ஆகப் போகுது? ஊசிச் சீட்டைக் கேட்டேன். மூணாம் நாள் ஊசி போடலை. வீட்டு வேலைக்குப் போற இடத்துல லீவு தரலையாம். டிரைவர் அண்ணன் என்னைப் பார்த்தாரு, நான் அவரைப் பார்த்தேன். அம்மாவையும் குழந்தையையும் முன்சீட்ல உக்கார வெச்சு, நான் பின்னாடி கூண்டுங்க நடுவுல உக்காந்து, நேரா ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசி போட்டு திரும்பி வர மூணு மணி நேரம் ஆச்சு. நாலு நாயும் வண்டியிலயேதான். வந்து இறங்கினதும் அந்தம்மா வீட்டு வாசப்படியில போய் நின்னுக்கிட்டு, "சரி, விடு"ன்னாங்க.

கடிச்ச நாயையும் தேடிப் பிடிச்சு பத்து நாள் தனியா வெச்சுப் பார்த்தோம். அதுக்கு நோய் எதுவும் இல்லை. அதையும் போய் அவங்ககிட்ட சொன்னேன். நம்ம ஆளுங்கள்ல சிலர், கடிபட்டவங்க வாயைத் திறந்தாலே சண்டைக்கு நிப்பாங்க. எனக்கு அது ஒப்பவே இல்லை.

தப்பும் நடக்கும். பிடிச்ச நாய்க்குக் கழுத்துல எண் போட்ட டோக்கன் கட்டுவோம். ஒரு தடவை அது அறுந்து விழுந்துடுச்சு. யாரோ ஞாபகத்துல எடுத்துக் கட்டினாங்க, எண் மாறிப்போச்சு. இட்லிக் கடை அக்கா ஒருத்தங்க வளர்த்த செவலை நாய், வால் நுனி மட்டும் வெள்ளை. அதை ரெண்டு கிலோமீட்டர் தள்ளி வேற தெருவுல விட்டுட்டோம். விட்டது நான்தான். இறங்கினதும் ஓடாம நின்னு என்னைத் திரும்பிப் பார்த்துச்சு. சொந்தத் தெருன்னா எந்த நாயும் நிக்காது, ஒரே பாய்ச்சலா ஓடும். எனக்கு அது தெரியும். தெரிஞ்சும், அன்னிக்கு இன்னும் பதினோரு நாய் பாக்கி இருந்ததால வண்டியை எடுக்கச் சொல்லிட்டேன். ஒன்பது ராத்திரி தேடினோம்.

2025 ஆகஸ்ட்ல டெல்லி நாய்களை எல்லாம் காப்பகத்துல அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டதும் எங்க போன் ஓயவே இல்லை. பத்துப் பதினோரு நாள்ல அதை மாத்தி, வெறி பிடிச்சதும் ஆளைப் பாயுறதும் தவிர மத்ததை ஊசி போட்டு அதே இடத்துல விடலாம்னாங்க. நவம்பர்ல பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன் பக்கம் பிடிச்சதை அங்கே திரும்ப விடக் கூடாதுன்னு இன்னொரு உத்தரவு. எங்கே கொண்டுபோய் வைக்கிறது? இருக்கிற கூண்டு தையல் ஆறாத நாய்ங்களுக்கே பத்தலை. நீங்க வேலைக்குச் சேர்ந்ததும் முதல்ல பழகப்போற வார்த்தை "இடம் இல்லைங்க"தான். நான் இன்னும் அதைச் சொல்லிட்டு ரெண்டு நிமிஷம் அடுத்த போனை எடுக்கறதில்லை.

*

நான் கோவை. வழக்கறிஞர், ஓர் அமைப்புக்காக மாட்டு வண்டிப் புகார்களைப் பார்த்துக்கொள்கிறேன். வண்டி என்றால் லாரி. ஆந்திராவிலிருந்தும் நம் சந்தைகளிலிருந்தும் ஏற்றி வாளையார் வழியாகக் கேரளாவுக்குப் போகும் லாரிகள்.

விலங்குகளை ஏற்றிச் செல்வதற்கான 1978 விதிகளின்படி ஒரு சரக்கு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. நான் நேரில் நின்று எண்ணிய முதல் லாரியில் இருபத்து மூன்று. கொம்போடு கொம்பு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கீழே விழுந்த ஒரு பசுவின் மேல் மற்றவை நின்றுகொண்டிருந்தன. படுத்தால் எழுந்திருக்கட்டும் என்று கண்ணில் மிளகாய்ப் பொடி தேய்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன், நம்பவில்லை. அன்று இமையைப் பிரித்துப் பார்த்தேன். ஓரத்தில் சிவப்பாக அப்பியிருந்தது. குடிதண்ணீர் பாட்டிலால் ஊற்றி ஊற்றிக் கழுவினோம். அது தலையை இழுக்கக்கூட இல்லை, அவ்வளவு சோர்வு. என் விரல்கள் மறுநாள் காலைவரை எரிந்தன.

பிறகு காவல் நிலையம். இரவு பதினொரு மணிக்கு, "ஏம்மா, வீட்டுக்குப் போகலையா?" என்பதுதான் முதல் கேள்வி. வழக்குப் பதிந்தால் என்ன தண்டனை? 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 11ஆவது பிரிவு. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தத் தொகையை யாரும் மாற்றவில்லை. லாரிக்காரர் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்துவிட்டுப் போய்விடலாம். அதனால் நாங்கள் மோட்டார் வாகன விதிகளையும் சேர்த்துத்தான் புகார் எழுதுவோம். மாடு செத்திருந்தால் பாரதிய நியாய சம்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 325ஆவது பிரிவு, அதில் ஐந்து ஆண்டுவரை சிறை உண்டு.

அந்த ஓட்டுநர் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். "ஏத்துறது நானாம்மா? எண்ணிக்கை ஏஜென்ட் போடுறது. ஆறு மாட்டுக்கு டீசல் காசு வருமா?" அவர் சொன்னதில் பொய் இல்லை. அதன்பிறகு செக்போஸ்ட்டில் மறிப்பதைக் குறைத்துக்கொண்டு, ஏற்றுகிற இடத்திலேயே போய் நிற்க ஆரம்பித்தேன். சந்தையில் ஏற்றும்போதே கால்நடை மருத்துவர் சான்றிதழ் கேட்டால் பாதி வண்டிகள் அங்கேயே எண்ணிக்கையைக் குறைக்கின்றன. மாடுகளும் கீழே விழுவதற்கு முன்பே காப்பாற்றப்படுகின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓட்டுநர் பெயரைக் கேட்டு, அவர் எந்த மதம் என்று பார்த்த பிறகு மாட்டைப் பார்க்கிற கூட்டங்கள் உண்டு. உதவிக்கு வருகிறோம் என்பார்கள். நான் அவர்களோடு போனதில்லை, போகவும் மாட்டேன். நீங்களும் போகாதீர்கள், தங்கை.

*

மதுரைக்காரன். இப்ப வேற வேலையில இருக்கேன். 2017 ஜனவரியில, ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்தப்ப, சென்னையில ஒரு விலங்குரிமை அமைப்பு ஆபீஸ்ல இருந்தேன். அதைத்தான் சொல்லணும்.

எங்க சித்தப்பா வீட்ல காளை உண்டு. வாடிவாசல்ல அவுத்துவிட்ட காளை. பருத்திக்கொட்டை அரைச்சு ஊட்டி, நீச்சல் பழக்கி, வீட்ல ஒரு பிள்ளையாத்தான் வளர்த்தாரு. வாடிவாசலுக்குப் பின்னாடி நடக்கிறதையும் சின்ன வயசுலயே பார்த்தவன் நான். வாலை முறுக்குறது, கடிக்கிறது. எல்லாரும் செய்ய மாட்டாக. சித்தப்பா செஞ்சதே இல்லை. ஆனா செய்யறவுக இருந்தாக. 2014 மே 7 தீர்ப்புல தடை போட்டப்ப அதையெல்லாம்தான் எழுதியிருந்தாங்க.

மெரினாவுல கூட்டம் சேர்ந்தப்ப எங்க ஆபீஸ் பலகையைக் கழட்டி உள்ளே வெச்சுட்டோம். எங்க அமைப்பு அந்த வழக்குலயே இல்லை. யாரு கேக்குறா? போன்ல "நீ தமிழனாடா"ன்னு கேட்டு வெச்சுருவாக. நான் மதுரைத் தமிழ்ல பதில் சொன்னா இன்னும் கோவம் வரும். 23ஆம் தேதி சட்டசபையில திருத்தம் நிறைவேறுச்சு, 2023 மே மாசம் உச்ச நீதிமன்றமும் அது செல்லும்னு சொல்லிருச்சு. அது முடிஞ்ச கதை.

முடியாதது, சித்தப்பா ரெண்டு வருஷம் என்கூடப் பேசாம இருந்தது. கல்யாணத்துல பார்த்தா எழுந்து வெளியே போயிருவாரு. அப்புறம் ஒருநா காளைக்குக் குளம்புல சீழ் வெச்சுருச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்குத்தான் போன். "டாக்டர் நம்பர் குடுடா"ன்னாரு. நான் பஸ் பிடிச்சு ஊருக்கே போயிட்டேன். கால் கழுவுறப்ப நான் மூக்கணாங்கயித்தைப் பிடிச்சிருந்தேன், அவரு அது நெத்தியைத் தடவிக்கிட்டே இருந்தாரு. மாடு மேல பாசம் இல்லாதவுகதான் மாடு வளர்க்கிறாகன்னு எங்க ஆபீஸ்ல சிலர் பேசுவாங்க. அவுக யாரும் அந்த ராத்திரியைப் பார்த்ததில்லை. என் கருத்து மாறலை, வாலைக் கடிக்கக் கூடாதுதான். ஆனா அதை நான் சித்தப்பா கூட உக்காந்து பேசியிருக்கணும்.

*

கணக்குப் பக்கமிருந்து நான் ஒன்று சொல்கிறேன். சம்பளம் தாமதமாகும். நிறைய அமைப்புகளில் இது உண்மை, மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். நன்கொடை தருபவர்கள் குட்டிநாயின் கண்ணைக் காப்பாற்றியதற்குத் தருகிறார்கள்; மயக்க மருந்துக்கும் மின்கட்டணத்துக்கும் காவலாளி சம்பளத்துக்கும் தருபவர் குறைவு. மார்ச் மாதம் முழுக்க வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது கேட்டு அழைப்பு வரும். நீங்கள் பி.காம் என்பதால் சொல்கிறேன்: களத்துக்குப் போங்கள், ஆனால் கணக்கையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் எங்கே போகிறது என்று தெரியாமல் வேலை பார்த்த நல்ல பிள்ளைகள் சிலர் மனம் கசந்து வெளியேறியதைப் பார்த்திருக்கிறேன்.

அப்பாவிடம் சொல்ல ஒரு தகவல். நீங்கள் களத்தில் பார்க்கப்போகிற அந்த 1960 சட்டத்துக்கு வித்திட்டது மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதா. 1962இல் விலங்குநல வாரியம் அமைந்தபோது முதல் தலைவரும் அவர்தான். கலாக்ஷேத்ராவை நிறுவியவர். வாரியத்தின் தலைமையகம் பல ஆண்டுகள் சென்னையில்தான் இருந்தது.

*

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு தடவை படிச்சேன். அப்பாவுக்கும் படிச்சுக் காட்டினேன். வியாசர்பாடி குழந்தை வந்ததும், "அந்தப் பையன் செஞ்சது சரி"ன்னு மட்டும் சொன்னாரு. சேரப்போறேன். முதல் ஊசி நேத்து போட்டாச்சு.

நாய் வண்டி அண்ணா, ஒண்ணு கேக்கலாமா? அந்தச் செவலை கிடைச்சுதா?

*

இல்லம்மா. கிடைக்கலை.

அக்காகிட்ட நானே போய்ச் சொன்னேன். கல்லுல தோசை ஊத்திக்கிட்டிருந்தாங்க, கையை நிறுத்தலை. "எந்தத் தெருவுல விட்டே"ன்னு மட்டும் கேட்டாங்க. அன்னிக்குக் கடையை எட்டு மணிக்கே மூடிட்டு எங்ககூட வந்து தேடினாங்க.

அதுக்கப்புறம் டோக்கன் எண்ணை ரெண்டு பேர் படிச்சுப் பார்க்காம எந்தக் கூண்டையும் நான் திறக்கறதில்லை. பிடிக்கிறப்ப போன்ல எடுத்த படத்தையும் விடுறப்ப பக்கத்துல வெச்சுப் பார்ப்போம். நீங்களும் அப்படிப் பண்ணுங்க.

அக்கா இன்னும் எங்கேயாவது செவலை நாயைப் பார்த்தா படம் எடுத்து வாட்ஸப்ல அனுப்புவாங்க. போன வாரமும் ஒண்ணு வந்துச்சு, பெரம்பூர் பக்கம். போய்ப் பார்த்தோம். அதுக்கு வால் முழுக்க செவலை.