ஓட்ஸ் சாப்பிடச் சொல்கிறார்கள், வீட்டில் இருப்பது கூழ்தான்

வயல்காட்டான்:
அம்மாவுக்கு சுகர். களை எடுக்க, நடவுக்குப் போகிறவர், எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆஸ்பத்திரியில் கொடுத்த சார்ட்டில் ஓட்ஸ், ப்ரோக்கோலி, தினமும் அரை மணி நேரம் வாக்கிங். நாள் முழுக்க வெயிலில் குனிந்து நிமிர்கிறவருக்கு வாக்கிங்காம்! இன்சுலினை ஃப்ரிட்ஜில் வைக்கணுமாம், எங்களிடம் ஃப்ரிட்ஜே இல்லை. என்ன செய்யலாம்?

தேனி செவிலி:
கூழை நிறுத்த வேண்டாம். ஆனால் கேழ்வரகிலும் மாவுச்சத்துதான், சுகருக்கு நல்லதாச்சே என்று சொம்பு சொம்பாகக் குடிக்கக் கூடாது. அளவைக் குறைத்து கீரை, சுண்டல் சேர்க்கட்டும். பெரிய மண்சட்டியில் ஈரமணல், அதற்குள் சின்னச் சட்டி, அதில் இன்சுலினை டப்பாவில் போட்டு மூடி நிழலில் வையுங்கள். மணல் காயக் கூடாது. அப்புறம், இதுதான் முக்கியம்: ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வயலுக்குப் போகவே கூடாது. சுகர் அளவுக்கு மீறி இறங்கிவிடும். கை நடுங்கி, குப்பென்று வியர்த்தால் அதுதான் அறிகுறி, உடனே 3 ஸ்பூன் சர்க்கரை. முந்தானையில் முடிந்தே வைத்திருக்கட்டும்.

மதுரைக்காரி:
மாத்திரை அட்டையில் காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா வரைந்துவிடுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள், "எங்கே, எப்போ எதைப் போடணும்னு எனக்குச் சொல்லுங்க" என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

வயல்காட்டான்:
வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்றும் சொல்கிறார்கள். நடவுச் சேற்றில் செருப்பு எப்படிப் போடுவது?

தேனி செவிலி:
சேற்றில் முடியாதுதான், வரப்பிலாவது போடட்டும். ராத்திரி காலைக் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, பாதத்தை நீங்களே பாருங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தியதே அவருக்குத் தெரியாது.